போனுக்குள் குசுமி

“காதுல வச்சுக் கேளுங்க தலைவரே! தினமும் சாயங்காலம் ஆனா என் போனுக்குள்ள இந்த மனுஷன்தான் வந்து உக்காந்துக்கிறார்!”

மினோபே அம்மாள் ரிசீவரை நீட்டினார். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஓரிட்டோ வாங்கிக் காதில் வைத்தார். வழக்கமான ‘டூ’ சத்தம்தான் கேட்டது.

“ஒண்ணும் வரலையே, மினோபே சான்.”

“எப்படி வரும்? ஆள்தான் இங்க மண்டி போட்டு உக்காந்திருக்காரே! மேல போய் ரேடியோவுல பேசினாத்தானே வரும்?”

அந்த ஆள், போன் மேஜைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார். பெயர் குசுமி. ஜப்பானின் குரே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாலாவது மாடியில் தனியாக இருக்கிறார்.

மொட்டை மாடியில் மீன் முள் போல நிற்கிறதே ஹாம் ரேடியோ ஆன்டெனா, அது அவருடையது; வீட்டிலிருந்தபடியே ஊர் ஊராக ஆட்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. அதிலிருந்து கிளம்பும் அலை நேராகக் கீழ்வீட்டு போன் ஒயருக்குள் புகுந்துவிடுகிறது, ரிசீவரை எடுத்தால் குசுமியின் பேச்சுதான் கேட்கிறது என்பது மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் மினோபே அம்மாளின் புகார். ஆறு மாதமாக இதே பாட்டுத்தான்.

புகார் வந்தால் வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்பது அழகல்ல. குசுமி ஒவ்வொரு முறையும் ஒரு கையில் மஞ்சூ இனிப்புப் பெட்டியும், மறு கையில் ஒரு ஃபெரைட் சோக்கும் எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். கம்ப்யூட்டர் ஒயரின் நுனியில் கறுப்பாக ஒரு கட்டி இருக்குமே, அதுதான் சோக்கு. ஒயரைச் சுற்றி ‘டக்’கென்று பூட்டினால் வேண்டாத அலையை அங்கேயே மடக்கிவிடும்.

ஊரில் எல்லார் வீட்டிலும் மடக்கியது. மினோபே அம்மாள் வீட்டில் மட்டும் மடங்குவதாக இல்லை. போன் ஒயர் ஜபமாலை மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் குப்பை போடும் இடத்தில் நாலு பெண்களிடம் மினோபே அம்மாள் இதை விலாவாரியாகச் சொல்லப்போக, விஷயம் தலைவர் காதுக்கு எட்டிவிட்டது. ஓரிட்டோ எதையும் இழுத்தடிக்கிற ஆள் இல்லை.

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுவோம்,” என்றார். “இந்த சோக்கு மாட்டியும் நிக்கலைன்னா ஆன்டெனாவை இறக்கிட வேண்டியதுதான். என்ன சொல்றீங்க குசுமி சான்?”

“சரிங்க.” டக்கென்று சத்தம் கேட்டது. குசுமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“என்னது, பழசாட்டம் கீறல் விழுந்திருக்கு?” தலைவர் குனிந்து சோக்கைப் பார்த்தார்.

“என் ரேடியோ செட்டு ஒயர்ல கிடந்ததைத்தான் கழட்டிக் கொண்டாந்தேன். இங்கதானே அவசரம்.”

“சரி சரி, மேல போய்ப் பேசுங்க. நாங்க இங்கேருந்து கேக்கறோம்.”

குசுமி படியேறிப் போனார். மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தலைவர் ரிசீவருக்குக் கை நீட்டுவதற்குள் மினோபே அம்மாள் அதை லபக்கென்று எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“வருது, வந்துடுச்சு! ‘ஹலோ ஹலோ’ங்கறார்… இப்போ இருமறார்… யாருக்கோ மூட்டு வலியாம், வெந்நீர்ல ஊறச் சொல்றார்…”

“எங்க, குடுங்க பாப்போம்.”

“அடடா, நின்னுபோச்சே! நீங்க குறுக்க பேசிட்டீங்க.”

தலைவர் உச்சுக்கொட்டினார். “அப்போ முடிஞ்சுது. ஆன்டெனாவை இறக்கிடச் சொல்லிடறேன்.”

மினோபே அம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. “இறக்கணுமா? அவ்வளவு தூரம் எதுக்கு? இன்னும் ரெண்டு சோக்கு மாட்டிப் பாக்கலாமே. வாரத்துக்கு ஒண்ணா…”

“எங்கம்மா மாட்டறது? ஒயரே கண்ணுக்குத் தெரியலை!”

குசுமி திரும்பி வந்ததும் தலைவர் தீர்ப்பைச் சொன்னார். முப்பது வருடமாக ஒவ்வொரு புயலுக்கும் கயிறு கட்டிக் காப்பாற்றிய ஆன்டெனா அது. சண்டை வரும் என்றுதான் தலைவர் எதிர்பார்த்தார். குசுமியோ குனிந்து வணங்கி, “ஞாயித்துக்கிழமைக்குள்ள இறக்கிடறேன்,” என்றார். தலைவர் நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். மினோபே அம்மாள் டீ ஊற்றினார். கோப்பையில் பாதி, தட்டில் பாதி.

“என் மேல கோவமா? உங்க உசுராச்சே அது. அதை இறக்க வைக்கணும்னு நான் நினைக்கவே இல்லை குசுமி சான்.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. செய்த காரியம் நெஞ்சை அறுத்தது.

“அது கிடக்கட்டும். நிஜமாவே என் குரல் கேட்டுச்சா?”

“கே… கேட்டுச்சு.”

“இருமினேனா?”

“நல்லாவே இருமினீங்க.”

குசுமி ஒரு மஞ்சூவைப் பிட்டு, பெரிய பாதியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ரேடியோ செட்டை வித்து ரெண்டு மாசமாச்சு… நாளைக்கும் குரல் கேக்குமில்ல?”