பித்தளை ஊக்கு

“எங்கப்பா மட்டும் ஏன் டீச்சர் வரல?”

ஞாயிறு வகுப்பின் மேசையில், இயேசுவின் அன்பு இப்படித்தான் எல்லாரையும் கூப்பிடும் என்று டீச்சர் காட்டிய காந்தத்தில், பிள்ளைகள் வெட்டிய காகித மனிதர்கள் கொத்தாக ஒட்டியிருக்கிறார்கள். கேட்ட சிறுமியின் காகித அப்பா மட்டும் மேசையில் விழுந்த வெயிலில் மல்லாந்து கிடக்கிறார். “தூங்குறாருடி,” என்கிறாள் பக்கத்து வாண்டு. இவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா கண் திறந்து நாளாகிறது. ஜன்னல் கதவு ஓயாமல் அடித்துக்கொள்கிறது. மற்ற காகிதங்களில் இரும்பு ஊக்கு. அது தீர்ந்துபோய் இவளுடையதில் மட்டும் பித்தளை ஊக்கைக் குத்தியது டீச்சர்தான். பித்தளை காந்தத்துக்கு மசியாது என்பது அவருக்கு இப்போதுதான் உறைக்கிறது. காந்தத்தைக் கையில் பிடித்தபடியே நிற்கிறார். சிறுமி நகத்தால் அப்பாவை மெல்ல முன்னே தள்ளுகிறாள்.

“இன்னொரு தடவை கூப்பிடுங்க டீச்சர். கொஞ்சம் கிட்ட வந்து கூப்பிடுங்க.”