நீல அல்லி

அல்லித் தொட்டி இருக்கும் கண்ணாடிக் கூடத்தின் வெப்பமூட்டி இரவில் நின்றுபோயிருக்கிறது. சாம்பல் வெளிச்சத்தில், குளிர்நாட்டு வெள்ளை அல்லிகள் எதுவும் நடவாததுபோல் மலர்ந்து கிடக்கின்றன. வெப்பநாட்டு வகைகளின் இலைகள் மட்டும் கறுத்து, ஓரம் சுருண்டு மிதக்கின்றன. முழங்கால் தண்ணீரில் நின்று அக்கா சேற்றைத் துழாவுகிறாள். அப்பா பல இனங்களைக் கலந்து உருவாக்கிய நீல அல்லிக்கு உலகத்திலேயே இந்த ஒரு கிழங்குதான். விரல் பட்டதும் அது கூழாகிறது. “போயிடுச்சாக்கா?” என்கிறான் தொட்டியோரம் நிற்கும் தம்பி. அவள் ஆமென்று தலையசைக்கிறாள். அவன் கையில் செல்பேசி ஒலிக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா. ஸ்பீக்கரில் அவர் குரல் மூச்சிரைக்கிறது: “பூத்துதாம்மா?” அவள் வெள்ளைப் பூக்களைப் பார்க்கிறாள். “பூத்திருக்குப்பா.” “நீலம் நல்லா ஏறியிருக்கா?” கையிலிருந்து அழுகல் வாடை எழுகிறது. “கண்ணைப் பறிக்குதுப்பா,” என்கிறாள். மறுமுனையில் அப்பா சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் கையைக் கழுவாமல் நிற்கிறாள்.