விளக்குக்கு வந்த கறுப்புக் கம்பி

ஒரு மாவு மில்லுக்குப் புதிதாக அரவை இயந்திரம் வந்தது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகச் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று நான்கு கம்பிகள் வந்து இறங்கின.

"மோட்டாரைச் சுழற்ற நாங்கள் மூன்று பேரே போதும். நீ எதற்கு?" என்று சிவப்புக் கம்பி கறுப்பைக் கேட்டது.

"எனக்கும் தெரியவில்லை. வேண்டாமென்றால் இங்கேயே இருக்கிறேன்," என்று கறுப்பு ஓரமாகச் சுருண்டுகொண்டது.

வயர்மேன் அருளப்பனும் அப்படித்தான் நினைத்தார். மூன்று கம்பிகளை மட்டும் இழுத்து, சுவிட்சைப் போட்டார். மோட்டார் அருமையாகச் சுற்றியது. ஆனால் இயந்திரத்தின் வாயருகே இருந்த சின்ன விளக்கு எரியவில்லை.

மில் நடத்தும் பேச்சியம்மாள் அந்த இருட்டில் மாவைத் தள்ளக் கையை நீட்டினாள். விரல்கள் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டுக்குப் பக்கத்தில் தடவின. சிவப்பு அதைப் பார்த்தது. பெல்ட்டை ஓட்டுவதே அதுதான். நினைத்தாலும் நிறுத்த முடியாது.

"விளக்கே, சீக்கிரம் எரி. நான்தான் உன்னிடம் வந்துவிட்டேனே," என்று சிவப்பு கெஞ்சியது.

"நீ வந்துவிட்டாய். திரும்பிப் போக வழி வேண்டாமா? அது கறுப்பிடம்தான் இருக்கிறது," என்றது விளக்கு.

"கையை எடுங்கம்மா," என்று அருளப்பன் சுவிட்சை அணைத்தார். "விளக்குக்கு நியூட்ரல், அந்தக் கறுப்புக் கம்பியும் வேணும். நான் மோட்டாரை மட்டும் நினைச்சுட்டேன்."

ஓரத்தில் கிடந்த கறுப்பை எடுத்து வந்து மற்ற மூன்றோடு சேர்த்து இழுத்தார்.

"என்மேல் வருத்தமா?" என்று சிவப்பு மெல்லக் கேட்டது.

"முதலில் அந்த அம்மாவின் கையைப் பார்ப்போம்," என்றது கறுப்பு.

அருளப்பன் மறுபடி சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. பேச்சியம்மாளின் பத்து விரல்களும் மாவு பூசி வெள்ளையாகத் தெரிந்தன.