ரிசப்ஷன் மேஜைப் பரீட்சை

டோரீனுக்குத் தலைக்கனமா, கோபமா? வெர்னாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இறைச்சித் தொழிற்சாலையை மூடியபோது இருவருக்கும் ஒரே நாளில்தான் வேலை போனது. ஐம்பதை நெருங்கும் வயதில் கம்யூனிட்டி காலேஜில் மருத்துவ அலுவலக நிர்வாகம் படிக்கச் சேர்ந்ததும் ஒன்றாகத்தான். ஒரே காரில் போய், ஒரே காரில் திரும்பினார்கள்.

ஊர் கிளினிக்கின் ரிசப்ஷனில் டோரீனுக்குப் பயிற்சி கிடைத்தது. அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டாள். தனிக் கார். வகுப்பில் கடைசி வரிசை. சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குக்கூட வருவதில்லை.

"நான் என்னடி பண்ணேன்?" என்று பார்க்கிங்கில் வழிமறித்தே கேட்டாள் வெர்னா.

"ஒண்ணும் பண்ணலை. விடுடி, நேரமாச்சு."

இந்த லட்சணத்தில், செய்முறைத் தேர்வில் டீச்சர் இருவரையும் ஜோடியாகப் போட்டுவிட்டார். டோரீன் ரிசப்ஷனிஸ்ட். வெர்னா ஒரு நோயாளியின் மனைவி. நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது சட்டம்; மனைவி எவ்வளவு கெஞ்சினாலும், அவர் வந்தாரா என்றுகூட ரிசப்ஷனிஸ்ட் சொல்லக் கூடாது. இதில் தேறினால்தான் சான்றிதழ்.

வெர்னா மேஜையில் கையை ஊன்றினாள்.

"என் வீட்டுக்காரர் இங்க வந்தாரா மேடம்? என்கிட்ட எதையோ மறைக்கிறார். தயவுசெஞ்சு சொல்லுங்க."

டோரீன் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

"ஒரே ஒரு வரிதான் டோரீன்," என்றார் டீச்சர். "சொல்றதுக்கு அனுமதியில்லைன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

டோரீனின் முகம் சிவந்தது. கண் கலங்கியது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

வகுப்பே திருதிருவென்று விழித்தது. வெர்னாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டீச்சர், எனக்கு வேற ஜோடி குடுங்க. ஒரு வரி சொல்லத் துப்பில்லாதவளை நம்பி எவன் வேலை குடுப்பான்?"

கதவுக்கு வெளியே நின்ற டோரீனுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவன் கர்ட்டிடம் அதையே புலம்பினாள். அவன் தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தானே தவிர, ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"இத்தனை வருஷம் பழகியும் எனக்கு அவளைப் புரியலைய்யா. திமிரு பிடிச்சவ."

"அவளைத் திட்டாதே வெர்னா."

"நீ எதுக்கு அவளுக்குப் பரிஞ்சு பேசறே?"

கர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"எனக்கு வயித்துல ஒரு கட்டி. ஒரு மாசமா உனக்குத் தெரியாம அந்தக் கிளினிக்குக்குப் போயிட்டிருக்கேன். படிப்பை விட்டுட்டு என் பின்னாடி ஓடி வந்துடுவியேன்னுதான் சொல்லலை. ஆபரேஷன் பண்ணினா சரியாயிடுமாம். இன்னைக்குத்தான் டாக்டர் சொன்னார்."

வெர்னா எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"டோரீனுக்கு மட்டும்தான். நான் முதல் தடவை போனப்பவே மேஜையில அவதான் இருந்தா. 'நான் வாயைக் கட்டிப்பேன் கர்ட். ஆனா வெர்னா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா. நீயா சொல்ற வரைக்கும் நான் அவ பக்கமே போக மாட்டேன்'னு சொன்னா."