பாம்புச்செவி

அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையகல எழுத்தில் ஒரே ஒரு சொல்: எங்கே?

ஒட்டியவர் மேற்பார்வையாளர். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நடந்த கூத்து அது. அழுதுகொண்டு பேசிய ஒருவருக்கு ஆறுதல் சொன்னாள். மூச்சு சீராக இருக்கிறதா, ரத்தம் நிற்கிறதா, எல்லாம் விசாரித்தாள். 'இதோ வந்துட்டோம்' என்று இணைப்பையும் துண்டித்துவிட்டாள்.

எங்கே வருவது என்று மட்டும் கேட்கவில்லை.

அவர்களே மறுபடி அழைத்ததால் ஓர் உயிர் பிழைத்தது. அவள் வேலையும் பிழைத்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து யாரிடமும் முகவரி கேட்டுப் பழக்கமில்லாதவள். நகரத்தின் எந்த மூலையில் யார் முனகினாலும் அவளுக்குக் கேட்கும். சத்தம் வந்த திசையில் கிளம்பினால் கண் இமைப்பதற்குள் அங்கே நிற்பாள். ஊரே அவளைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிட்டது.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அந்தச் செவியையும் வேகத்தையும் வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போதெல்லாம் அடுப்படியில் பால் பொங்குவதுகூடத் தெரிவதில்லை, எல்லாரையும் போல.

களைத்துவிட்டேன், ஓய்வு வேண்டும் என்று ஊருக்குச் சொன்னாள். ஊர் கைதட்டியது, ஒரு கேடயம் கொடுத்தது, மறந்தது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை.

மகளிடம் உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அம்மாவை உரக்கக் கூப்பிட்டே பழகாத பிள்ளை அது. வகுப்பில் உட்கார்ந்தபடி 'அம்மா, டப்பா' என்று முணுமுணுத்தால் போதும், வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பா ஜன்னலில் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்து, இனி நான் வெறும் அம்மாதான் என்று எப்படிச் சொல்வது? "ஊருக்குத்தான் ஓய்வு, உனக்கு இல்ல" என்று சொல்லிவைத்தாள். சொன்ன வாயை அப்புறம் எத்தனையோ முறை நொந்துகொண்டாள்.

அன்றிலிருந்து மகள் எதையும் மறக்காதபடி பார்த்துக்கொள்வது அவள் பாடாயிற்று. காலையில் பையை அவளே அடுக்குவாள். பென்சில் ஒன்றுக்கு இரண்டு, சுட்டெரிக்கும் வெயிலிலும் குடை, ஜுரமே இல்லாமல் ஜுர மாத்திரை. மூட்டை தூக்குபவர் போல வளைந்துகொண்டு பள்ளிக்கூடம் போகும் மகள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பையில் அடுக்க முடியாதவையும் உலகத்தில் உண்டே. எங்காவது விழுந்து கிடந்து, மெல்ல 'அம்மா' என்று சொல்லிவிட்டு, வருவாள் வருவாள் என்று பிள்ளை காத்துக் கிடந்தால்? அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் மதியம் மேசையில் அழைப்பு விளக்கு மின்னியது. அழைப்பை எடுத்தாள்.

"எங்க கேம்ஸ் டீச்சர் ஏணியிலேருந்து விழுந்துட்டாங்க. கண்ணே திறக்கல. ஆனா மூச்சு இருக்கு."

அந்தக் குரலைக் கண்டுகொள்ளப் பாம்புச்செவி வேண்டாம். பெற்றவள் காது போதும்.

நாற்காலியை விட்டு எழுந்து ஓடவே பார்த்தாள். ஹெட்ஃபோன் கம்பி இழுத்து உட்கார வைத்தது. எதிரே சுவரில் தாள். பழகிப்போன வாய் தானாகக் கேட்டது.

"எங்கே?"

பேசுவது அம்மா என்று மறுமுனையில் மகளுக்கும் தெரிந்துவிட்டது.

மளமளவென்று சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பெயர், தெரு. மைதானத்துக்குப் பின்னால் பந்தும் வலையும் வைக்கிற அறை. முன்வாசலில் படிக்கட்டு இருப்பதால் ஸ்ட்ரெச்சர் வராது, பின்வாசல் வழியாக வர வேண்டும். அதன் பூட்டைத் திறக்கச் சொல்லிக் காவலாளியிடம் தோழியை அனுப்பியாயிற்று. பேசுவது டீச்சரின் ஃபோனில்.

அவள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். கழுத்தை யாரும் அசைக்கக் கூடாது என்றாள். மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். வண்டி கிளம்பியது. மேற்பார்வையாளர் தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வண்டி போய்ச் சேரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது மையத்தின் விதி. அந்த இடைவெளியில்தான் அவளுக்குச் சுரீர் என்று உறைத்தது. பெற்ற பிள்ளையிடமே எங்கே என்று கேட்டிருக்கிறாள். பாம்புச்செவி கேட்கிற கேள்வியா அது?

சமாளிக்கப் பார்த்தாள்.

"ஃபோன் எதுக்குடி கண்ணு? மெல்ல அம்மான்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

"சும்மா இரும்மா. உனக்குக் காய்ச்சல் வந்துட்டுப் போனதிலேருந்து தினமும் கணக்கு கிளாஸ்ல உக்காந்துகிட்டு உன்னைக் குரங்குன்னு கூப்பிட்டுப் பாக்கறேன். நீ ஒரு நாள்கூட வந்து என் காதைத் திருகல."

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பின்னாலேயே மற்றதும் வந்தது. மேற்பார்வையாளர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். மைக்கை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

தூரத்தில் வண்டியின் சைரன் ஃபோன் வழியாகக் கேட்கத் தொடங்கியது. அதற்கும் மேலாக, மெல்ல, மகளின் குரல்.

"அழாதம்மா. எனக்குக் கேக்குது."