மூடிக்கு உள்ளே

“யோவ், ஓட்டை சரக்கைப் பொண்ணு தலையில கட்டிட்டுப் போய்ட்டியா?”

கம்ப்யூட்டர் மெக்கானிக் ஆசீர்வாதம் நவ்ரீன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள் குப்பம்மா. பக்கத்து வீட்டுக்காரிதான். ஆனால் சத்தம் தேரடி வரைக்கும் போகும்.

“அக்கா, நான் இன்னும் உள்ளயே வரல...”

“வந்து இன்னா கிழிக்கப் போற? புதுப் பொட்டி, காத்தாலேர்ந்து பேஜார் பண்ணிகினு கீது!”

நவ்ரீன் கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

“விண்டோஸ் போட ஆரம்பிச்சா, டிரைவ் எதுவுமே இல்லைன்னு வருது அண்ணே. வேற பென் டிரைவ் சொருகியும் பார்த்துட்டேன். பயாஸ் செட்டிங்ல போய்ப் பார்த்தா அங்கயும் எஸ்எஸ்டி பேரே காணோம்.”

அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மணலி சாலையில் லாரி இடித்துக் காலில் கம்பி வைத்த பிறகு, ஒரு வருஷம் கழித்து முதன்முதலாகக் கிடைத்த வேலை. துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களின் விவரங்களை வீட்டிலிருந்தே பதிய வேண்டும். இன்று மதியத்துக்குள் ஆன்லைனில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு வருஷமும் அவளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டியவள் குப்பம்மா. கோபம் வராமல் இருக்குமா?

“நேத்து மாட்டினப்போ நல்லாத்தான்மா காட்டுச்சு. கரண்ட் போனதால விண்டோஸ் போடாமப் போனேன்” என்றார் ஆசீர்வாதம்.

“போனியே, மூடிட்டுப் போனியா? பப்பரப்பான்னு தொறந்து போட்டுட்டுப் போய்ட்ட. பல்லி கில்லி பூந்துடும்னு நான்தான் மூடி வெச்சேன். நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!”

ஆசீர்வாதம் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் குனிந்தார்.

கை அப்படியே நின்றது.

தலையைத் திருப்பிக் குப்பம்மாவை ஒருமுறை பார்த்தார்.

“இன்னா முறைக்கிற?”

“ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் வெளிச்சம் வேணும்.”

விரல் நீளமே இருந்த சேமிப்புத் தகட்டை, அந்த எஸ்எஸ்டியை, கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்குட்டையால் துடைத்து, பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் முனையைத் தேய்த்தார்.

“இன்னாத்த தேய்க்கிற? துருப் புடிச்ச சரக்கா?”

ஆசீர்வாதம் ரப்பர் தூளை ஊதிவிட்டார். திரும்பி வந்து, அது உட்காரும் இடத்தையும் சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்து பொருத்தினார். கம்ப்யூட்டரைப் போட்டார்.

திரையில் வந்த பட்டியலில் எஸ்எஸ்டி வந்து நின்றது.

“வந்துடுச்சு!” நவ்ரீன் கத்தியே விட்டாள்.

விண்டோஸ் ஏறத் தொடங்கியது. குப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நொடியே இடுப்பில் கை வைத்தாள்.

“இப்ப சொல்லு. யார் மேல தப்பு?”

“என் மேலதான்க்கா. நேத்து சரியா அழுத்தி மாட்டல.”

“அப்படி வா வழிக்கு. நான் கேக்கலன்னா ஒத்துப்பியா நீ? இரு, டீ வாங்கியாறேன். குடிச்சிட்டுத்தான் போவணும்.”

தூக்குவாளியோடு தெருவில் இறங்கினாள். அவர் தப்பை ஒத்துக்கொண்ட கதை, அவளுக்கு முன்னால் டீக்கடைக்கு ஓடியது.

மூடியை மாட்டும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று நவ்ரீன் பக்கத்தில் போனாள். ஆசீர்வாதம் எஸ்எஸ்டியைத் துடைத்த கைக்குட்டை தரையில் கிடந்தது. அதில் மஞ்சளாக ஒரு கறை, நடுவே சிவப்புத் தீற்றல்.

கம்ப்யூட்டருக்குள் பார்த்தாள். ஒயர் எதுவும் போகாத தகர மூலையில் ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

நேற்று சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடித்து அவள் வெளியே வந்தபோது, குப்பம்மா அவசரமாக மூடியைச் சாத்திக்கொண்டிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

நவ்ரீன் நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, இது...”

“இந்த இடத்துல இருந்தா ஒண்ணும் பண்ணாதும்மா” என்றார் ஆசீர்வாதம், மூடியைப் பொருத்தித் திருகை முடுக்கியபடியே. “இருந்துட்டுப் போகட்டும்.”