கரண்ட் போனால் பேசலாம்

ஒரு வீட்டு அடாப்டருக்குள் இரண்டு டயோடுகள் கணவனும் மனைவியுமாகக் குடியிருந்தன. கரண்ட் முன்னே பாயும்போது அவன் கதவைத் திறந்து விடுவான். அவள் தன் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். பின்னே பாயும்போது அவள் திறப்பாள், அவன் பிடித்துக்கொள்வான். யார் திறந்தாலும் கரண்ட் ஒரே பக்கமாகத்தான் போய்ச் சேரும். அங்கே குண்டுக் கெப்பாசிட்டர் அதை வயிறு நிறைய வாங்கி, விட்டுவிட்டு வராதபடி சீராக வெளியே கொடுக்கும்.

இருவருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்து, ஒருவரோடு ஒருவர் பேச முடிவது கரண்ட் போனால் மட்டும்தான். ஒரு மழைநாளில் போனது.

“உடம்பு இப்படிச் சுடுதே, சொல்ல மாட்டீங்களா?” என்றாள் அவள்.

“அதை விடு புள்ள. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா…”

கரண்ட் வந்துவிட்டது.

“கரண்ட் போனாத்தான் உங்களுக்குக் கல்யாண நாள்!” என்று கெப்பாசிட்டர் சிரித்தது.

அவள் அடுத்த மழைக்காகக் காத்திருந்தாள். வானம் கறுத்த ஒரு சாயங்காலம், வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

“இன்வெர்ட்டர் மாட்டியாச்சு. இனிமே கரண்ட் போனாலும் நமக்குத் தெரியவே தெரியாது.”

அவள் தன் முறை வந்து கதவைத் திறந்தபோது கெப்பாசிட்டரிடம் கேட்டாள்.

“அண்ணே, அவர் அனுப்பறதெல்லாம் உங்ககிட்டதானே வருது. என்ன சொல்ல வந்தார்னு அதுல ஏதாவது தெரியுதா?”

கெப்பாசிட்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“தெரியலம்மா. இங்க வந்து சேர்ந்ததும் எது அவன் அனுப்பினது, எது நீ அனுப்பினதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல.”

அடுத்து தன் கதவுக்குக் கரண்ட் வந்தபோது, அவள் அதைத் தடவிக்கொடுத்து அனுப்பினாள்.